"உண்ணி எப்பவும் இருக்கிறதுதானே": நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல்

போன ஆடி மாதம் ஒரு பெரியவர் தன் நாயைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். நாட்டு நாய். பெயர் மணி, மூன்று வயது. "இட்லி வச்சா தட்டையும் சேத்து நக்கிருவான் டாக்டரம்மா. நேத்து பாலைக்கூட மோந்து பாத்துட்டுப் போய்ப் படுத்துட்டான்" என்றார்.

மேசைமேல் படுக்கவைத்து உதட்டை விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தது. அடிவயிற்றில் முடியில்லாத இடத்தில், குண்டூசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். காய்ச்சல் 104.6 டிகிரி. காதுமடலைத் திருப்பினேன். உள்ளே மூன்று உண்ணிகள் புடைத்துப்போய்த் தொங்கின.

"உண்ணி எத்தனை நாளா இருக்கு ஐயா?"

"உண்ணியா? அது எப்பவும் இருக்கிறதுதானே."

இந்தப் பதிலை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். நாயை உயிராக நினைக்கிறவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். நாய்க்கு உண்ணி இருப்பதும் மரத்துக்குப் பட்டை இருப்பதும் ஒன்றுபோலத் தோன்றும் அளவுக்கு அது நமக்குப் பழகிவிட்டது. முதன்முதலாக நாய் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் இதைப் பழகிக்கொள்ளும் முன்பே, இந்த உயிர் என்ன செய்கிறது, அது கொண்டுவரும் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

உண்ணி எங்கே வாழ்கிறது?

உண்ணி பூச்சி இனம் அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். தெள்ளுப்பூச்சி குதித்து ஓடும். உண்ணி தோலில் வாயைப் புதைத்து நாட்கணக்கில் ஒரே இடத்தில் ரத்தம் குடிக்கும். நம் ஊர் நாய்களில் நான் பார்ப்பவை பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணிகள். ரைப்பிசெஃபாலஸ் சாங்குவினியஸ் என்பது அறிவியல் பெயர். வயிறு நிறைந்த பெண் உண்ணியைப் பார்த்தால் ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். ஆமணக்கின் தாவரவியல் பெயரில் வரும் ரிசினஸ் என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் உண்ணி என்றுதான் பொருள். எங்கோ இருந்த மனிதர்களுக்கும் நம் பாட்டிமார்களுக்கும் ஒரே ஒப்புமைதான் தோன்றியிருக்கிறது.

இதன் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள் உண்டு. முட்டை, ஆறு கால் உள்ள குஞ்சு, எட்டுக் கால் உள்ள இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி. முக்கியமான விஷயம் இனிமேல்தான். குஞ்சு நாயின்மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடிக்கும், பிறகு கீழே இறங்கிவிடும். ஏதாவது ஓர் இடுக்கில் புகுந்து தோலுரித்து இளம் உண்ணியாகும். அது மறுபடி நாயைத் தேடி ஏறும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும். வளர்ந்த பிறகு மூன்றாவது முறையாக ஏறும். கடைசியில் ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர்மேல் ஏறி, ஒரு வெடிப்பைப் பார்த்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். வெயிலும் ஈரமும் தோதாக இருந்தால் இந்தச் சுற்று முழுவதும் ஏறக்குறைய இரண்டே மாதத்தில் முடிந்துவிடும்.

ஆக, உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது உங்கள் வீட்டுச் சுவரில்தான். நாய் அதற்குச் சாப்பாட்டுக் கடை மாதிரி. பசித்தால் வரும், தின்றதும் போய்விடும். எந்த நாளில் பார்த்தாலும் நாயின் உடம்பில் இருப்பவை கொஞ்சம்தான். மீதி ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால், கட்டில் காலின் பொருத்துகளில், நாய்க்கூண்டின் பலகை இடுக்கில், அது படுக்கும் சாக்குக்கு அடியில், மாடிப்படி ஓரத்தில், செருப்பு வைக்கும் அலமாரியில் இருக்கின்றன. வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கக்கூடியது. பூட்டிக்கிடந்த வீட்டுக்குக் குடிபோய், "நாய்க்குட்டி வாங்கி நாலு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள எப்படி உண்ணி வந்துச்சு" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். முன்பு அங்கே குடியிருந்தவர்களின் நாய் விட்டுச்சென்ற உண்ணிகளாக அவை இருக்கலாம்.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

உண்ணிக் காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. கொசுக்கடியால் மலேரியாவும் வருகிறது, டெங்குவும் வருகிறது, யானைக்காலும் வருகிறது அல்லவா? அதுபோல உண்ணி கடிக்கும்போது பலவகை நுண்ணுயிர்கள் நாயின் ரத்தத்துக்குள் போகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்துக்கொண்ட பேச்சுவழக்குப் பெயர்தான் இது. இவற்றில் இரண்டை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று எர்லிக்கியா, இன்னொன்று பபீசியா.

எர்லிக்கியா ஒரு பாக்டீரியா. நாயின் வெள்ளையணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழும். கிருமியைப் பிடிக்க வேண்டிய காவலரின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1935-இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் முதலில் இதைக் கண்டறிந்தார்கள். உலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது 1960-களின் கடைசியில், வியட்நாம் போரில் ஈடுபடுத்தப்பட்ட அமெரிக்க ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகி அடுத்தடுத்துச் செத்தபோது. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். அந்த இனத்துக்கு இந்த நோய் மற்ற நாய்களைவிடக் கடுமையாக வரும். அந்த இனத்தை வளர்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எர்லிக்கியாவின் போக்கைப் புரிந்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கடி பட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முதல் கட்டம் தொடங்கும். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறிகட்டுதல், கண்ணில் பீளை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையத் தொடங்கும். இந்தக் கட்டம் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். பிறகு, மருந்தே கொடுக்காவிட்டாலும்கூடப் பல நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். சாப்பிடும், வாலாட்டும், வாசலில் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள்.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். ஏனென்றால் இரண்டாவது கட்டம் அப்படித்தான் இருக்கும். கிருமி போகவில்லை, மண்ணீரலில் பதுங்கியிருக்கிறது. நாய் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால் மட்டும் பிளேட்லெட் குறைந்திருப்பது தெரியும். இப்படி மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் ஓடும். சில நாய்களின் உடம்பு கிருமியைத் தானே வென்றுவிடுவதும் உண்டு. வெல்லாதவற்றுக்கு மூன்றாவது கட்டம் வரும். எலும்பு மஜ்ஜை சோர்ந்துபோய் புது அணுக்களை உண்டாக்குவது நின்றுபோகும். மூக்கில் ரத்தம் வடியும், கண் மங்கும், மலம் தார்போலக் கறுத்துப் போகும், உடல் இளைத்துக்கொண்டே வரும். அந்த நிலையில் நாங்கள் எவ்வளவு போராடினாலும் பல நாய்களைக் காப்பாற்ற முடிவதில்லை.

பபீசியா வேறு வகை. அது ஓரணு உயிர், மலேரியாக் கிருமி போலச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். அதனால் சோகை வேகமாக வரும். ஈறு காகிதம்போல வெளுக்கும், சிலவற்றுக்கு மஞ்சள் பூக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். இதில் ஒரு வகையான பபீசியா கிப்சோனியை உலகுக்குச் சொன்னது நம் ஊர் நாய்கள்தான். 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர், சென்னையில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்காக வைத்திருந்த மெட்ராஸ் ஹண்ட் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் இதைக் கண்டார். பிறகு நரிகளின் ரத்தத்திலும் பார்த்தார். இந்த வகை உண்ணியால் மட்டுமன்றி, நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்ளும்போதும் பரவும். தெருநாயோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாய்க்குச் சில வாரம் கழித்து ஈறு வெளுத்தால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். ஆகவே, சண்டை நடந்திருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹெப்படோசூன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது உண்ணி கடிப்பதால் வராது, நாய் அந்த உண்ணியை விழுங்கினால் வரும். உடம்பைக் கடித்துக் கடித்து உண்ணியைத் தின்னும் நாய்களிடம் இதைப் பார்க்கிறோம்.

வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

நாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று மூக்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். தூங்கி எழுந்த எந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். கடும் காய்ச்சலிலும் மூக்கு ஈரமாக இருந்து பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள். முனையில் கொஞ்சம் வாஸலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்கு இயல்பு. 103-ஐத் தாண்டினால் அதுவும் வெயிலில் ஓடிவந்ததால் இல்லை என்றால், கவனிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஈறு. நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்ளும் ஒரு பழக்கம் இது: நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்த்து வையுங்கள். விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல நாளின் நிறம் தெரிந்திருந்தால்தான் கெட்ட நாளின் நிறம் கண்ணில் படும். அடிவயிற்றையும் காதின் உள்பக்கத்தையும் அப்படியே பாருங்கள். குண்டூசியால் குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகளோ காரணமில்லாத கன்றிய தடங்களோ இருந்தால் பிளேட்லெட் இறங்கியிருக்கலாம்.

மூக்கில் ரத்தம், கறுத்த மலம், காபி நிறச் சிறுநீர், வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு, எழுந்து நிற்க முடியாமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே யாரையாவது எழுப்புங்கள்.

பரிசோதனை

நாங்கள் ரத்தம் எடுக்கிறோம் என்றால் அதில் முதலில் எண்ணுவது அணுக்களை. பிளேட்லெட் பொதுவாக 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: குழாயில் ரத்தம் கொஞ்சம் கட்டிப்போனாலும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் அவற்றைக் குறைவாக எண்ணிவிடும். ஆகவே, தாளில் 40 ஆயிரம் என்று பார்த்ததும் பதறவேண்டாம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். பபீசியாவும் அந்தத் தகட்டில்தான் கண்ணில் படும், சில சமயம் படாமலும் போகும்.

கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு சிறு கருவியில் எர்லிக்கியாவுக்கும் சோதனை செய்வோம். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. நோய் வந்த முதல் சில நாட்களில் உடம்பு அதை இன்னும் உண்டாக்கியிருக்காது, கோடு விழாது. குணமான பிறகும் மாதக்கணக்கில் அது ரத்தத்தில் இருக்கும், கோடு விழுந்துகொண்டே இருக்கும். "மருந்து முடிச்சும் பாசிட்டிவ் வருதே" என்று கலங்கி வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். அப்போது அட்டையைவிட பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்ப்பதே பொருத்தம். சந்தேகம் தீராவிட்டால், ரத்தத்தில் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை இருக்கிறது.

28 நாள்

எர்லிக்கியாவுக்கு மருந்து டாக்ஸிசைக்கிளின். பழைய மருந்து, விலையும் அதிகமில்லை, நன்றாக வேலை செய்யும். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளிலேயே தெளிந்துவிடும். ஆனால் கொடுக்க வேண்டியது 28 நாள். எவ்வளவு என்பதை நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்வார்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த மருந்தை எழுதிக்கொடுத்தேன். ஆறாம் நாள் அது நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். 28 நாள் என்று சொன்னேனே தவிர ஏன் என்று நான் விளக்கியிருக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மூக்கில் ரத்தத்தோடு வந்தது. மஜ்ஜை நின்றுபோயிருந்தது. இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம், பதினோராம் நாள் இறந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை, பத்து வயது இருக்கும், "அது நல்லாத்தானே ஆயிருச்சு ஆன்ட்டி" என்று என்னிடம் கேட்டது. அதன்பிறகு பத்தாம் நாளும் இருபதாம் நாளும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து மாத்திரை போகிறதா என்று கேட்கிறேன். உங்கள் மருத்துவர் போன் செய்யாவிட்டாலும் நீங்களே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இந்த மாத்திரைக்கு அது ஆகாது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்வது குறையும். தயிரும் அப்படித்தான். வெறும் வயிற்றிலும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும். கொஞ்சம் சோறும் வேகவைத்த கோழியும் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். பின்னாலேயே நாலு வாய் தண்ணீரும் குடிக்க வையுங்கள். தொண்டைக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிவிடும்.

பபீசியா கிப்சோனிக்கு டாக்ஸிசைக்கிளின் மட்டும் போதாது. அதற்கு வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்றாலே இந்த மாத்திரைதான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. டெங்குக் காலத்தில் வந்த பழக்கம். பிளேட்லெட்டைக் கிருமி குறைக்கிறது. கிருமியைக் கொன்றால் அது தானே ஏறும். சாறு கிருமியைக் கொல்லாது. சாப்பிடாமல் கிடக்கும் நாயின் வாயில் கசப்பை ஊற்றினால் அது இன்னும் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோகும். சாற்றை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ உடல்வலி மாத்திரையையோ கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கனவே ரத்தம் உறையாமல் இருக்கும் நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

நாயின் உடம்பிலும் வீட்டிலும்

இனி உண்ணிக்கு வருவோம். நாயின்மேல் ஏறும் உண்ணியைக் கொல்ல இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு முறை ரத்தம் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் கூடுதல் இல்லை. வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் சொட்டுமருந்தும் உண்டு. அதை விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் பரவித்தான் வேலை செய்யும்.

நாய்க்கு வாங்கிய எந்த உண்ணி மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற மருந்து நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது, உடம்பெல்லாம் நடுங்கி இறந்துவிடும். மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதும் ஆபத்துதான். வாங்கும்போதே "வீட்ல பூனை இருக்கு" என்று சொல்லுங்கள். அதேபோல, மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியை நாய்க்கும் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அந்த ஐவர்மெக்டின் சில நாய்களின், குறிப்பாகக் கோலி இனத்தவற்றின், மூளைக்குள் போய்விடும். கலப்பின நாயில் எந்த இனத்தின் ரத்தம் இருக்கிறது என்று வெளியே தெரியாது.

ஒன்றிரண்டு உண்ணிதான் இருக்கிறது என்றால் கையால் எடுக்கலாம். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, நேராக மெதுவாக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். நாயின் தோல்தான் புண்ணாகும். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய சின்ன டப்பாவில் போடுங்கள். வாசலில் வீசினால் சாகாது, திரும்பி வரும். கடித்துச் சில மணி நேரத்திலேயே எர்லிக்கியாவைப் புகுத்திவிட உண்ணியால் முடியும். ஆகவே, எடுத்துப் போடுவதை மட்டும் நம்ப முடியாது, ஏறும் முன்பே தடுக்க வேண்டும். தேடும்போது விரலிடுக்கு, காதின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், வால் தொடங்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை பொறுமைதான் வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டோ புட்டியோ வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். சாக்கு என்றால் எரித்துவிட்டு வேறு போடுங்கள். பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால், நாயையும் பூனையையும் மீன்தொட்டியையும் அப்புறப்படுத்தி, தரையோடு நிறுத்தாமல் சுவரின் மேல்விளிம்பு வரை அடிக்கச் சொல்லுங்கள். உண்ணி மேலே ஏறும் குணமுள்ளது. முட்டையை மருந்து எளிதில் கொல்லாது. அதனால் இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். நாய்க்கான மருந்தைக் குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் தொடர்ந்தால், சுவரிலிருந்து பசியோடு இறங்கி வருபவை ஒவ்வொன்றாக நாயின்மேல் ஏறிச் செத்து, சுற்று அறுந்துபோகும். ஐரோப்பாவில் கடுங்குளிர் வந்தால் உண்ணி அடங்கும். நமக்கு அப்படி ஒரு பருவமே இல்லை, அதனால் வருடம் முழுக்க மருந்தைத் தொடரச் சொல்கிறேன்.

நாயின் எர்லிக்கியா காய்ச்சல் தொட்டாலோ கொஞ்சினாலோ நமக்கு ஒட்டாது. காய்ச்சல் வந்த நாயைக் கட்டிப்போட்டுத் தனியே விட வேண்டிய அவசியமில்லை. ஆனால் இந்த உண்ணிகள் பசி மிகுந்தால் மனிதரையும் கடிக்கும். மனிதருக்கு வரும் ஒருவகை உண்ணிக் காய்ச்சலை இதே பழுப்பு உண்ணி பரப்புகிறது. உண்ணி நிறைந்த வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்தால், வீட்டில் உண்ணி இருப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மணிக்கு எர்லிக்கியாதான். பிளேட்லெட் 28 ஆயிரம். நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். ஐந்தாம் நாள் என் உதவியாளரின் டப்பாவிலிருந்த இட்லியைத் தின்றான். 28 நாள் மாத்திரை முடித்துத் திரும்பி வந்தபோது பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம் இருந்தது. பெரியவரிடம் வீட்டில் வேறு நாய் உண்டா என்று கேட்டேன்.

"கருப்பி இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, நல்லாச் சாப்பிடுறா."

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்கய்யா. ரத்தம் மட்டும் பாத்துருவோம்."

மறுநாள் சாயங்காலம் கருப்பி வந்தாள். பளபளப்பான முடி, என் கையை நக்கினாள், காய்ச்சல் இல்லை, ஈறு நல்ல சிவப்பு. அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. பிளேட்லெட் 74 ஆயிரம். தகட்டிலும் எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான் இருந்தது. அன்று ராத்திரியே சோறு கொடுத்துவிட்டு, பால் இல்லாமல், முதல் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னேன். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மாத்திரை அட்டையின் பின்புறத்தில் தேதியை எழுதிக்கொண்டார்.